இல்லத்துக் கொடுமையும் வினைக் கொள்கையும்

கொங்கு நாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் ஏழனுள் ஒன்று திருக்கொடிமாடச்செங்குன்றூர். இக்காலத்தார் திருச்செங்கோடு என வழங்கும் அத்தலம் நாமக்கல் மாவட்டத்துச் சமவெளியிலே செங்குன்றாய் எழுந்து நிற்பது. குன்றின்மேல் எழுந்தருளியிருக்கும் பெருமான் ஆணும் பெண்ணுமாய் ஒரே திருமேனியில் விளங்கும் மாதொருபாகர். திருஞானசம்பந்த சுவாமிகள் இங்கு எழுந்தருளியிருந்த காலத்தில், உடன்வந்த அடியார்களை நளிர்சுரம் பற்றிற்று என்றும், சுவாமிகள் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் திருப்பதிகம் அருளிச்செய்ய, அந்நோய் அடியார்களை விட்டதோடு அந்நாட்டையும் விட்டு அகன்றது என்றும் சேக்கிழார் பெருமான் கூறியருளினார்.

அத்திருப்பதிகத்தின் தொடக்கத்திலேயே ஒரு பேருண்மை அமைந்துள்ளது. இன்ன வினைக்கு இது பயன் என்று காரணம் கூறிக்கொண்டு, அதனினின்று பிழைக்கும் வழியைத் தேடாமல் வாளா இருத்தல் நுமக்குக் குற்றமன்றோ என்னும் கருத்துப்பட ஆசாரியர் அடியார்களை வினவுகின்றார். ஈண்டு வினைக் கொள்கையை அவர் மறுத்தாரல்லர். வினையின் பெயரால் வாளாவிருத்தலையே மறுத்தார். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை நுண்ணியது. அவ்வேற்றுமையை மறந்தார்க்கு விளையும் தீங்கோ பெரியது.

நாமும் ஒருகால் அதனை மறந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் திருமணிமுத்தாற்றங்கரையில் உள்ள ஓரூரில் பெரியபுராணப் பொருள் கூறி முடித்து எழுந்தபோது, தறித்தொழில் செய்யும் ஓர் அம்மையார் கூட்டம் கலையும் வரை காத்திருந்து அருகில் வந்தார். நெற்றியில் திருநீற்றுக்கு மேலே ஆறாத காயம் ஒன்று இருந்தது. "சாமி, இன்னும் எத்தனை வருசம் அடி வாங்குனா என் வினை கழியுமுங்க?" என்று கேட்டார். அவர் அழவில்லை, கடன்பட்டவர் மிச்சக் கணக்கைக் கேட்பதுபோலக் கேட்டார். நாம், "பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா, ஆண்டவன் பார்த்துக்கொள்வான்" என்று கூறித் திருநீறு அளித்து அனுப்பிவிட்டோம். வீடு வந்து சேருமுன்னரே அவ்விடை நம் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது. அவர் வினவியது சித்தாந்த வினா. நாம் அளித்ததோ சித்தாந்த விடையன்று. தொல்லையினின்று நழுவுவார் கூறும் வாய்ச்சொல். அவ்வினாவிற்கு உரிய விடை யாது என்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இஃது ஓர் அம்மையாரின் துயர் மட்டுமன்று. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணம் புரிந்த 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் கணவரால் வன்கொடுமைக்கு உட்பட்டவர் நாடளவில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர். தமிழ்நாட்டிலோ நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர். உடலாலோ பாலியல் வகையாலோ துன்புறுத்தப்பட்ட பெண்களுள் எவரிடமேனும் உதவி நாடியோர் நாடளவில் நூற்றுக்கு 14 பேரே. 77 பேர் உதவி நாடாததோடு, ஒருவரிடமும் வாய்திறந்து சொன்னதும் இல்லை. உதவி நாடியோர் சென்ற இடங்களுள் சமயப் பெரியோரையும் ஒரு வகையாக அவ்வாய்வு எண்ணுகின்றது. நம்மிடம் வந்த அம்மையார் அந்த 14 பேருள் ஒருவராய் வந்தார். நாம் அவரை 77 பேருள் ஒருவராக்கி அனுப்பினோம்.

கொடுமை என்பது அடியும் உதையும் மட்டும் அன்று. பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதி விசைத்தறிகளில் குடும்பத்தோடு வேலை செய்வோர் முதலாளியிடம் முன்பணம் பெறும் வழக்கம் உண்டு. கணவன் கைநீட்டி வாங்கிய முன்பணத்தை மனைவியின் உழைப்பும் சேர்ந்தே கழிக்கின்றது. அப்பணம் எவ்வழிச் சென்றது என்று கேட்டால் அடி விழும் வீடுகள் உண்டு. சேலம் செவ்வாய்ப்பேட்டையிற் செய்யும் வெள்ளிக் கொலுசு நாடெங்கும் பேர்பெற்றது. ஆயினும், தாய்வீட்டார் அணிவித்த கொலுசை அடகுக் கடைக்குப் போகாமற் காத்துக்கொள்ள வலியற்ற பெண்கள் இச்சமவெளியிலேயே பலர். சீதனம் மனைவிக்கே முற்றும் உரியது. கணவன் அதற்குக் காவலனேயன்றி உரியவன் அல்லன் என்று உச்சநீதிமன்றம் 1985-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துள்ளமை அவர்களுட் பலர் அறியாதது.

இனி, சட்டம் இதுகாறும் வந்த வழியைச் சிறிது நோக்குவோம். இல்லத்து அமைதியின்பொருட்டு அரசு கைநீட்டுதல் இந்நாட்டுக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள், சேலம் மாவட்டத்திலேயே ஆகும். இன்றைய நாமக்கல் மாவட்டமும் அந்நாளில் அதனுள் அடங்கியிருந்தது. அதனைக் கொணர்ந்த இராஜாஜி, 1925 முதலே திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்துக் கள்ளின் தீமையைக் குடிசைதோறும் கண்டவர். கள்ளுக்கடையை மூடினால் உழைப்பாளியின் கூலி வீடு வந்து சேரும், மனைவி மக்கள் நிம்மதியாய் உறங்குவர் என்பதே அந்நாளில் அச்சட்டத்திற்குக் கூறப்பட்ட பெருங்காரணம். 1948-இல் அது மாகாணம் முழுதும் பரந்தது; 1971-இல் தளர்ந்தது; பின்னர் மீண்டதும் நிலைக்கவில்லை; 2003 முதல் அரசின் நிறுவனமே சில்லறையில் மது விற்று வருகின்றது. இவ்வரலாற்றினின்று நாம் அறியற்பாலது ஒன்றுண்டு. அச்சட்டம் கணவன் கையிலிருந்த கலயத்தைப் பற்றியதேயன்றி, மனைவிக்கென ஓர் உரிமையையும் அளித்ததன்று. ஆகலின், கலயம் திரும்பி வந்த நாளில் அவள் கையில் ஒன்றும் எஞ்சவில்லை.

மனைவிக்கே உரிமை அளிக்கும் வழி வேறோரிடத்தில் மெல்ல மெல்ல வளர்ந்து வந்தது. கொடுமை செய்யும் கணவனைப் பிரிந்து வாழ்ந்து வாழ்க்கைப்பொருள் பெறும் உரிமையை 1946-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்துப் பெண்களுக்கு அளித்தது. 1949-இல் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து, மணவிலக்குக்கும் வழி செய்தது. 1983-இல் இந்திய தண்டனைச் சட்டத்துள் 498-அ என்னும் பிரிவு சேர்க்கப்பெற்று, மனைவியைக் கொடுமைப்படுத்துதல் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாயிற்று. 2024 ஜூலை 1 முதல் அப்பிரிவின் பொருள் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86-ஆம் பிரிவுகளில் இடம்பெற்றுள்ளது.

இவை யாவும் நன்மையே எனினும், ஓர் இடர் எஞ்சி நின்றது. கணவனைச் சிறைக்கு அனுப்பவேண்டும், அன்றேல் வீட்டைவிட்டு வெளியேறவேண்டும், அன்றேல் அடியைப் பொறுக்கவேண்டும். இம்மூன்றையன்றி நான்காம் வழி மனைவிக்கு இருந்திலது. அந்த நான்காம் வழியைத் திறந்தது, 2005-இல் இயற்றப்பெற்று 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். உடலைத் துன்புறுத்தல், பாலியல் வகையில் துன்புறுத்தல், சொல்லாலும் உள்ளத்தாலும் துன்புறுத்தல், பொருளைப் பறித்தும் மறுத்தும் துன்புறுத்தல் என நால்வகையாக அது கொடுமையைப் பகுத்துக் காட்டுகின்றது. பாதிக்கப்பட்டவரேனும், அவர்பொருட்டுப் பாதுகாப்பு அலுவலரேனும், பிறரேனும் நீதித்துறை நடுவரிடம் முறையிடலாம். முதல் விசாரணை இயல்பாக மூன்று நாளுக்குள் நிகழவேண்டும். அறுபது நாளுக்குள் முறையீட்டை முடிக்க முயலவேண்டும் என்பது அதன் விதி. அடிக்காதே, அணுகாதே, பொருளை விற்காதே என நடுவர் ஆணையிடலாம். வீடு எவர் பேரில் இருப்பினும், தான் வாழ்ந்த வீட்டில் வாழும் உரிமை மனைவிக்கு உண்டு. வாழ்க்கைச் செலவும் இழப்பீடும் பெறலாம். பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள ஆணை பெறலாம். ஆணையை மீறினால்தான் சிறை. அதுவும் ஓராண்டு வரை, அன்றேல் இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அன்றேல் இரண்டும். அடி நிற்கவேண்டும், வீடு நிலைக்கவேண்டும் என்னும் இரண்டையும் ஒருங்கே நோக்கியமையே இச்சட்டத்தின் சிறப்பாகும்.

பின்வந்த தீர்ப்புக்கள் இதனை மேலும் விரித்தன. வயது வந்த ஆடவர்மீது மட்டுமே முறையிடலாம் என்றிருந்த சொற்களை 2016-இல் உச்சநீதிமன்றம் நீக்கிற்று. ஆகவே கொடுமை செய்யும் மாமியாரும் நாத்தனாரும் இதற்குத் தப்பார். மாமனார் பேரில் உள்ள வீடாயினும், மருமகள் வாழ்ந்த இல்லமாயின் அதில் வாழும் உரிமையை அவள் கோரலாம் என 2020-இல் தீர்ப்பாயிற்று. கூட்டுக் குடும்பமும் தந்தை பேரிலுள்ள தோட்டமும் மிகுந்த இச்சமவெளிக்கு இத்தீர்ப்பின் பயன் பெரிது. புறப்பட்டுத் தாய்வீடு சென்றுவிட்டவளும் அவ்வுரிமையை இழந்தவள் அல்லள் என்பது 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் கருத்து.

இவ்வளவும் இருந்தும், சமயநெறி நின்றார் சிலர் இச்சட்டங்களை ஐயுறுகின்றனர். அவர் கூறும் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு விடை காண்போம்.

முதலாவது, வினையைப் பற்றிய தடை. 'ஒருத்தி படும் துன்பம் அவள் முன்செய்த வினையின் பயன். பிராரத்தம் நுகர்ந்தே தீரவேண்டும். அதனைச் சட்டத்தால் தடுத்தல் வினையைத் தடுத்தலாம். இன்று தடுத்தால் நாளை வேறுவழியால் வரும்' என்பர். இது கேட்பதற்குச் சித்தாந்தம் போலத் தோன்றும், ஆராயின் அன்று. வினை சடம், தானே வந்து பயன் தரமாட்டாது. பயனை அறிந்து, உயிர்க்கு ஏற்ற அளவில் கூட்டுவிப்பவன் இறைவன் ஒருவனே என்பது நம் நூற்றுணிபு. எந்த வினை, எவ்வளவு, எக்காலத்து எனப் பிறிதோர் உயிரின் கணக்கை அறியும் ஆற்றல் ஓர் உயிருக்கும் இல்லை. கணவன் மனைவியின் சஞ்சிதத்தைக் கண்டவனா? கள்வெறியில் ஓங்கிய கை கணக்குப் பார்த்து ஓங்கிற்றா? பிறர் வினையை ஊட்டும் தொழிலைத் தனதாகக் கொள்பவன் இறைவன் தொழிலைத் திருடுபவன். அத்திருட்டுக்குச் சித்தாந்தம் இட்ட பெயர் ஆணவம்.

மேலும், அடி வாங்கியவளுக்கு அது பழவினை எனின், அடித்தவனுக்கு அது யாது? அவன் அப்பொழுதே ஈட்டிய புதுவினை, ஆகாமியம். அவள் வினைதான் அவன் கையை அசைத்தது என்று கூறி அவனை விடுவித்தால், களவுக்கும் கொலைக்கும் அதே விடை பொருந்திவிடும். பொருளை இழந்தவன் வினையென்று கள்வனை விடவேண்டும். உயிர் இழந்தவன் வினையென்று கொலைஞனை விடவேண்டும். அந்நிலையில் விதிவிலக்குக் கூறும் நூல்கள் எல்லாம் பயனின்றி ஒழியும். நம் வீட்டில் களவு போனால் வினையென்று இருப்பாரை நாம் கண்டதில்லை. காவல் நிலையத்துக்கே செல்கின்றோம். மனைவியின் முதுகு ஒன்றற்கு மட்டும் வினைக் கொள்கையைச் செலுத்துதல் கொள்கையன்று, வசதி.

நோய் வினையால் வந்ததெனின், மருந்தும் மருத்துவனும் வந்ததும் அவ்வழியே. அடி வினையால் வந்ததெனின், அக்கையைப் பிடித்துத் தடுக்கும் கையும் அவ்வழியே வந்ததென்று கொள்ளத் தடை யாது? நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதும், நடுவர் ஆணை பிறப்பித்ததும், அயல்வீட்டார் கதவைத் தட்டியதும் இறைவன் திருவருளுக்குப் புறம்பானவையா? துன்பம் வரும் வழியை மட்டும் திருவருளின் கணக்கில் எழுதி, துன்பம் நீங்கும் வழியை மனிதர் கணக்கில் எழுதுவோர் திருவருளைச் சிறுமைப்படுத்துவோரே ஆவர். நளிர்சுரத்தை வினையென்று விடாது நீக்கியருளிய ஆசாரியரின் திருவுள்ளம் இதுவே என்பது நம் துணிபு.

இரண்டாவது தடை: 'பெற்றோர் மக்களை அடித்துத் திருத்துதல் அன்பே என்று நம் சாத்திரம் கூறுகின்றது. அவ்வாறே கணவன் மனைவியைத் திருத்துதல் ஆகாதோ?' என்பது. சிவஞான சித்தியார் அவ்வுவமையைக் கூறியது இறைவன் தரும் துன்பமும் கருணையே என விளக்குதற்பொருட்டு. உவமையில் பெற்றோர் நிற்கும் இடம் இறைவனுக்கு உரியது. அவ்விடத்தில் கணவனைக் கொண்டுபோய் நிறுத்துதல் எவ்வாற்றான் பொருந்தும்? கணவனே கண்கண்ட தெய்வம் என்னும் உலக வழக்கு இம்மயக்கத்திற்குத் துணை செய்கின்றது. பதி என்னும் சொல் கணவனுக்கும் வழங்குதல் உண்மையே. ஆயின் சித்தாந்தத்தில் பதி ஒருவனே. கணவனும் பசு, மனைவியும் பசு. இருவரும் அநாதியே மலத்தால் கட்டுண்டவர். இருவரும் வீடுபேற்றுக்கு உரியவர். ஒரு பசு மற்றொரு பசுவுக்குப் பதியாதல் எக்காலத்தும் இல்லை. கணவன் தன்னைப் பதியென்று எண்ணும் அக்கணமே, ஆணவத்துக்கு அரியணை இட்டவன் ஆகின்றான்.

அவ்வாறாயின் தண்டிக்கும் உரிமை எவருக்கு உண்டு? இதற்கும் சித்தியாரே விடை கூறுகின்றது. தீமை செய்தாரை அரசன் தண்டித்துத் திருத்துதல் இறைவன் அருள்வழி நிகழ்வது என்றும், அத்தண்டத்தால் அவர் பாவம் நீங்கி நல்வழிப்படுவர் என்றும் அந்நூலின் இரண்டாஞ் சூத்திரப் பகுதி கூறுகின்றது. நம் பெரியோர் மறக்கருணை என்று கூறுவது இத்தகைய தண்டத்தையே. அரசன் தண்டிப்பது நூல் வழி, குற்றத்தை ஆராய்ந்து, இருதிறத்தாரையும் கேட்டு, தன் சினத்தை ஒதுக்கி. கணவனின் அடியிலோ, குற்றம் சாட்டுபவனும் அவனே, சான்று கூறுபவனும் அவனே, தீர்ப்பவனும் அவனே, ஒறுப்பவனும் அவனே. சினமும், ஐயமும், கள்ளும், வரதட்சிணை ஆசையும் அவனுக்கு நூல். இதனைத் தண்டம் என்று கூறுதல் தண்டநீதிக்கே இழுக்கு. முடியரசு நீங்கிக் குடியரசு வந்த இந்நாளில், அரசன் இருந்த இடத்தில் இருப்பது சட்டம். ஆதலின், அடிப்பவன் கையைத் தடுக்கும் நடுவரின் ஆணை மனைவிக்கு அறக்கருணையும் கணவனுக்கு மறக்கருணையுமாம். அவனை மேலும் ஆகாமியம் ஈட்டாதவாறு தடுத்தலின், அவ்வாணையால் பெரும்பயன் பெறுபவன் ஒருவகையில் அவனே என்க.

மூன்றாவது தடை நுண்ணியது. நம் மடங்களிலும் மேடைகளிலும் மெல்லிய குரலில் கூறப்படுவது. 'கலிக்கம்ப நாயனார் மனைவியின் கையைத் துணித்தார். கழற்சிங்க நாயனார் பட்டத்தரசியின் கையைத் துணித்தார். அடியார் செய்தது அறமாயின், இல்லத்தில் கடுமை எவ்வாறு குற்றமாகும்?' என்பர். இதனை மறைத்துப் பயனில்லை, நேரே நோக்குவோம். சண்டேசுர நாயனார் தம் தந்தையின் கால்களை வெட்டினார். அதுபற்றித் தந்தையரை வெட்டுக என்று மைந்தர்க்கு உபதேசித்தவர் உலகில் உளரோ? சிறுத்தொண்டர் செய்கையைக் காட்டி மக்களைக் கொல்லுக என்றவர் உளரோ? இல்லை. அவை தற்போதம் முற்றும் அற்ற நிலையில் நிகழ்ந்தவை. வணங்கற்பாலனவேயன்றிப் பின்பற்றற்பாலன அல்ல என்று அங்கெல்லாம் தெளிவாக உணர்ந்திருக்கின்றோம். மனைவியர் துணிக்கப்பட்ட இரண்டிடங்களில் மட்டும் அத்தெளிவு மங்குவது ஏன்? மங்குவது புராணத்தின் குறையன்று. படிப்பவன் தன் வீட்டு வழக்கத்தைப் புராணத்துள் தேடுவதன் குறை. தற்போதம் அற்ற ஒருவன் இரவு எட்டு மணிக்குக் குழம்பில் உப்பு மிகுந்ததென்று கை ஓங்கமாட்டான்.

இனி, இல்லறத்தில் கணவன் மனைவியரிடையே நிகழ்ந்த பிணக்கை முறையாக வைத்துச் சேக்கிழார் பெருமான் காட்டிய இடம் ஒன்றுண்டு. அது தில்லைத் திருநீலகண்டக் குயவனார் வரலாறு. பரத்தையர் மனை சென்று மீண்ட கணவரைத் தம்மைத் தீண்டலாகாதென அம்மையார் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தடுத்தார். வீட்டைவிட்டு அவர் வெளியேறினார் அல்லர். கணவரை வெளியேற்றினாரும் அல்லர். ஒரே மனையில் இருந்து இல்லத்துப் பணிகளைக் குறைவறச் செய்துகொண்டே, தம் உடலைத் தீண்டும் உரிமையை மட்டும் மறுத்தார். நாயனார் என் செய்தார்? 'நான் உன் கணவன், எனக்கு உரிமை உண்டு' என்று வழக்காடவில்லை, கை ஓங்கவில்லை. இளமை கழிந்து முதுமை வரும் வரை அவ்வாணையைக் காத்து நின்றார். அக்காவலே அவரை நாயன்மாருள் ஒருவராக்கிற்று. மனைவி வீட்டில் வாழலாம், கணவன் தீண்டலாகாது என இன்றைய நடுவர் பிறப்பிக்கும் ஆணையின் உட்பொருள், பெரியபுராணத்தில் ஒரு குயவர் மனையில் முன்னரே நிறைவேறிக் கிடக்கின்றது.

இவ்விடத்தில் சட்டத்தில் இன்னும் உள்ள குறை ஒன்றையும் கூறவேண்டும். மனைவி 18 வயது நிரம்பியவளாயின், அவள் இசைவின்றிக் கணவன் கூடுதல் வன்புணர்ச்சிக் குற்றம் ஆகாது என்னும் விலக்கை 2023-இல் இயற்றப்பெற்ற நியாய சன்ஹிதாவும் தன் 63-ஆம் பிரிவில் தொடர்ந்து வைத்துக்கொண்டது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் துன்புறுத்தலைக் கொடுமையாக எண்ணிப் பாதுகாப்பு அளிப்பினும், தண்டனைச் சட்டம் அவ்வாசலில் நின்றுவிடுகின்றது. இவ்விலக்கு நீங்கினால் இல்லறம் குலையும் என்று அஞ்சுவோர் திருநீலகண்டர் மனையை ஒருமுறை நினைத்துப் பார்ப்பார்களாக. மனைவியின் மறுப்பை மதித்ததனால் அவ்வில்லறம் குலையவில்லை. இருவரும் இளமை மீளப்பெற்று இறைவன் திருவடியை அடைந்தனர்.

நான்காவது தடை: 'வீட்டுக் காரியம் வீட்டோடு இருக்கவேண்டும்' என்பது. இச்சொல்லின் விலையை இந்நாடு அறியும். பெண் சிசுக்கொலை மிகுந்திருந்தமையால், 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு முதலில் தொடங்கியது சேலம் மாவட்டத்திலேயே. 2001-ஆம் ஆண்டுக் கணக்கில் இம்மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆண்குழந்தைகள் ஆயிரவர்க்குப் பெண்குழந்தைகள் 851 பேரே இருந்தனர். 2011-இல் அது 916 ஆயிற்று. மாற்றத்துக்குக் காரணம் ஒன்றன்று, பல. ஆயின் பிறந்த வீட்டுள் நிகழ்ந்ததை வீட்டுக் காரியம் என்று எல்லோரும் விட்டிருந்த காலத்தில் மாற்றம் இல்லை என்பது தேற்றம். அறம் வாசற்படியோடு நின்றுவிடும் பொருள் அன்று. இல்லறத்தை அறம் என்றே பெரியோர் வழங்கினர். அறம் என்றால் வினவுவார்க்கு விடை கூறும் கடமையும் உடன்வரும்.

ஐந்தாவது, சட்டத்தைப் பொய்யாய்ப் பயன்படுத்துவோர் உளர் என்னும் தடை. உளராகலாம், பொய் வழக்கு எச்சட்டத்தில்தான் இல்லை? நிலவழக்கில் பொய்ப்பத்திரம் உண்டென்று பத்திரப் பதிவை எவரும் ஒழிக்கவில்லை. 498-அ பிரிவில் ஆராயாது கைது செய்தலாகாது என்று 2014-இல் உச்சநீதிமன்றம் காவல் துறைக்கு வரம்பு வகுத்தது. 2005-ஆம் ஆண்டுச் சட்டமோ முதலிற் கைது செய்வதன்று, ஆணையிட்டுத் தடுப்பது. குற்றமற்ற கணவனுக்கு, 'அடிக்காதே' என்னும் ஆணையால் இழப்பு என்ன உண்டு?

இதுகாறும் கூறியவற்றால், இல்லத்துக் கொடுமையினின்று காக்கும் சட்டம் விரிதல் சைவ நெறிக்கு மாறன்று, அதற்கு இயைந்ததே என்பது பெறப்படும். ஆயின் சட்டம் ஏட்டில் விரிந்தால் மட்டும் போதாது. அடிபட்டவர் முதலில் செல்லுமிடம் நீதிமன்றம் அன்று. தாயும், அயலாரும், கோயிலுமே. அங்குக் கிடைக்கும் முதற்சொல் 'பொறுத்துக்கொள்' என்பதாயின், அடுத்த படியை அவர் ஏறமாட்டார். ஆதலின் நம் கடமை சிலவற்றைக் கூறி அமைவோம். மேடையில் கற்பின் சிறப்புக் கூறுவோர், திருநீலகண்டரின் பொறுப்பையும் சேர்த்துக் கூறுக. திருமணம் நடத்திவைப்போர், சீதனம் பெண்ணுக்கே உரியதென்பதை இருவீட்டாரும் கேட்கச் சொல்லுக. மடங்களில் பசித்தார்க்குச் சோறிடும் மரபு நமக்கு உண்டு. நள்ளிரவில் பிள்ளையோடு வந்து நிற்பவளுக்கு விடியும் வரை ஓரிடம் தருதலும் அம்மரபின் கிளையே. பெண்களுக்கான 181 என்னும் தொலைபேசி எண்ணையும், மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் என ஒருவர் இருப்பதையும், வழக்கறிஞர் உதவி பணமின்றிக் கிடைக்கும் என்பதையும் நாம் அறிந்திருந்து கேட்பார்க்குச் சொல்லுக. அன்று நாம் அவற்றுள் ஒன்றையும் அறிந்திருந்தோம் அல்லோம். அறியாமையைத் திருநீற்றால் மூடினோம்.

அவ்வம்மையாரை நாம் மீளக் கண்டிலோம். மீண்டும் அவர் வந்து அதே கணக்கைக் கேட்பாராயின், நாம் கூறும் விடை இது: "அம்மா, உங்கள் வினை எவ்வளவு, அது எப்பொழுது கழியும் என்பது எனக்குத் தெரியாது, உங்கள் கணவருக்கும் தெரியாது. அதனை அறிந்தவன் மலைமேல் இருக்கின்றான். அவன் உங்களைப் போன்ற ஒரு பெண்ணைத் தன்னில் பாதியாக வைத்திருக்கின்றானேயன்றித் தன் காலடியில் வைக்கவில்லை. அடி வாங்கி வினை கழியவேண்டும் என்று எந்த நூலும் சொல்லவில்லை. பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பதே குறை என்று இந்த ஊர்ப் பதிகம் சொல்கின்றது. வாருங்கள், பாதுகாப்பு அலுவலரிடம் நாமும் உடன்வருகின்றோம்."

திருச்சிற்றம்பலம்.